துரத்துகிறவருக்கு என்ன விலை?

போக்கர் மேசையில் நல்ல கை விழுந்தவருக்கு வரும் முதல் உணர்ச்சி பெரும்பாலும் சந்தோஷமல்ல, பயம். கையில் இரண்டு ஏஸ் இருக்கிறது. நடுவில் திறந்து கிடக்கும் சீட்டுகளில் இரண்டு இஸ்பேட். எதிரே இருப்பவர் தயங்காமல் காசு போட்டுக்கொண்டே வருகிறார். இன்னொரு இஸ்பேட் விழுந்தால் எல்லாம் போச்சு என்று மனம் கணக்குப் போடுகிறது. இந்தப் பயத்திலிருந்து இரண்டு பழக்கங்கள் பிறந்திருக்கின்றன. ஒன்று, எதிராளி பதறி ஓடும் அளவுக்கு ஒரு பெரிய தொகையைத் தள்ளிவிடுவது. இன்னொன்று, 'எப்படியும் அவனுக்கு விழத்தான் போகிறது' என்று சோர்ந்து, சின்னத் தொகையைப் போட்டுவிட்டு கடைசிச் சீட்டுக்காகக் கண்ணை மூடிக்கொள்வது. இரண்டுமே நல்ல கையை வீணடிக்கின்றன என்பது என் கட்சி. ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கும் எதிராளியைப் பொதுவாக விரட்டக் கூடாது. அந்தச் சீட்டைப் பார்க்க அவர் கொடுக்கும் விலை அவருக்குக் கட்டுப்படியாகாத விலையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த விலையை நிர்ணயிப்பது தற்போதைய பந்தயம் மட்டுமல்ல, பின்னால் வரப்போகும் பந்தயங்களும் சேர்ந்துதான். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அவையும் அதே கணக்கிலிருந்தே வருகின்றன.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: டெக்ஸஸ் ஹோல்டெம் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைவுச் சீட்டு. நடுவில் முதலில் மூன்று சீட்டு திறக்கப்படும், அது ஃப்ளாப். பிறகு ஒன்று, டர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. ஏழு சீட்டில் சிறந்த ஐந்து ஒருவருடைய கை. நடுவில் சேரும் பணம் பாட். ஐந்தும் ஒரே இனமாக இருந்தால் ஃப்ளஷ், வரிசையாக இருந்தால் ஸ்ட்ரெய்ட். நான்கு இஸ்பேட் சேர்ந்து ஐந்தாவதுக்குக் காத்திருப்பவருக்குக் கண்ணில் படாத 47 சீட்டில் 9 உதவும். டர்னில் அது விழும் வாய்ப்பு 19.1 சதவீதம், விழாவிட்டால் ரிவரில் 19.6, இரண்டில் ஏதாவது ஒன்றில் விழுவது 35. இருபக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு 8 சீட்டு, 31.5 சதவீதம். நடுவில் ஒரு ஓட்டை மட்டும் உள்ள ஸ்ட்ரெய்ட்டுக்கு 4 சீட்டு, 16.5. உதவும் சீட்டுகளை ஃப்ளாப்பில் நான்காலும் டர்னில் இரண்டாலும் பெருக்கினால் ஏறக்குறைய இதே விடை வரும் என்ற குறுக்குவழியை ஆடுகிறவர்கள் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். இதில் 35 என்ற எண்தான் குழப்பத்தின் ஊற்று. துரத்துகிறவர் ஃப்ளாப்பில் ஒரு பந்தயத்தைக் கட்டிவிட்டு இரண்டு சீட்டையும் பார்த்துவிடலாம் என்பதுபோல் அந்த எண்ணை எடுத்துக்கொள்கிறார். கையிருப்பு முழுவதும் ஃப்ளாப்பிலேயே உள்ளே போயிருந்தால் அது சரி. இல்லையென்றால் டர்ன் சீட்டுக்கு ஒரு விலை, ரிவர் சீட்டுக்கு இன்னொரு விலை. நல்ல கைக்காரரும் அதே 35-ஐப் பார்த்து மிரள்கிறார். ஒவ்வொரு கட்டத்திலும் தான் எதிர்கொள்வது ஐந்தில் ஒரு பங்கு ஆபத்துதான் என்பது அவருக்கு உறைப்பதில்லை.

ஒரு கையை விரித்துப் பார்க்கலாம். நம்மிடம் ஆர்ட்டின் ஏஸ், கிளாவர் ஏஸ். எதிராளியிடம் இஸ்பேட் ராணி, இஸ்பேட் ஜாக். நடுவில் இஸ்பேட் ராஜா, இஸ்பேட் 8, டைமண்ட் 3. டர்னில் கிளாவர் 4. பாட்டில் 100. இரண்டு பேர் கையும் நமக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டால் மீதி 44 சீட்டு, அதில் எதிராளிக்கு ஆவது 9 இஸ்பேட், 20.5 சதவீதம். நாம் ஒன்றும் கட்டாமல் செக் செய்தால் அந்த 100-ல் நம் பங்கின் சராசரி மதிப்பு 79.5. இலவசமாக ஒரு சீட்டைக் காட்டியதற்கு நாம் கொடுத்த தொகை 20.5. 25 கட்டி அவர் அதைக் கட்டினால் நம் மதிப்பு 94.3. அவர் ஃபோல்ட் செய்தால், அதாவது சீட்டைக் கவிழ்த்து விலகினால், நமக்கு 100 முழுசாக வரும் என்பதால், இந்த விலையில் அவர் கட்டுவது அவருக்கு லாபம், நமக்கு நட்டம். ஏறக்குறைய 35 கட்டும்போது தராசு நேராகிறது. அவர் வந்தாலும் போனாலும் நமக்கு ஒன்றுதான். 50 கட்டி அவர் வந்தால் நம் மதிப்பு 109. 100 கட்டி வந்தால் 138.6. 300 தள்ளி அவர் ஓடிவிட்டால்? வெறும் 100. இந்த எண்களை வரிசையாகப் பார்த்தால் 'விரட்டு' என்ற அறிவுரையின் ஓட்டை தெரிந்துவிடும். விரட்டினால் கிடைக்கும் 100, சின்னப் பந்தயத்தில் கிடைப்பதைவிட அதிகம். தவறான விலையில் அவரை உள்ளே வைத்திருந்தால் கிடைப்பதைவிடக் குறைவு. ஆக, நாம் விரும்ப வேண்டியது அவருடைய ஃபோல்டை அல்ல, 35-க்கு மேற்பட்ட ஏதோ ஒரு விலையில் அவர் கட்டுவதை. எந்த விலை வரை கட்டுவார் என்று கண்டுபிடிப்பதுதான் திறமை. 100-க்கும் வருபவரிடம் 50 கேட்பது அவருக்குத் தள்ளுபடி கொடுப்பதாகும்.

இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் அமெரிக்கரான டேவிட் ஸ்க்லான்ஸ்கி. 1987-ல் வெளிவந்த 'தி தியரி ஆஃப் போக்கர்' நூலில் அவர் அடிப்படைத் தேற்றம் என்று பெயரிட்டுச் சொன்ன கருத்து இதுதான்: நம் சீட்டு தெரிந்திருந்தால் எதிராளி எப்படி ஆடியிருப்பாரோ, அதிலிருந்து அவர் விலகும் ஒவ்வொரு முறையும் நமக்கு லாபம். துரத்துகிறவருக்கு இதைப் பொருத்தினால், கட்டக் கூடாத விலையில் அவரைக் கட்டவைப்பதே நல்ல கையின் வேலை என்று ஆகிறது. அப்படியானால் விரட்டும் மரபு எங்கிருந்து வந்தது? என் கணிப்பு, அது பந்தயத் தொகைக்கு உச்சவரம்பு வைத்து ஆடப்பட்ட லிமிட் ஆட்டத்தின் எச்சம். ஸ்க்லான்ஸ்கியும் மேசன் மால்முத்தும் 1988-ல் எழுதிய ஹோல்டெம் நூல் லிமிட் ஆட்டத்துக்கானது. ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் அத்தகைய நூல்களில்தான் படித்தார்கள். லிமிட் ஆட்டத்தில் பாட் ஆறு மடங்கு ஏழு மடங்கு என்று ஊதிவிட்ட பிறகு ஒரு பந்தயம் என்பது பாட்டில் ஆறில் ஒரு பங்குதான். மேலே நாம் பார்த்த 35 சதவீத எல்லையை அங்கே ஒற்றைப் பந்தயத்தால் தொடவே முடியாது. ஃப்ளஷைத் துரத்துகிறவருக்கு எப்போதும் சரியான விலைதான் கிடைக்கும். எனவே முன்கூட்டியே ரெய்ஸ் செய்து, அதாவது பந்தயத்தை உயர்த்தி, இரட்டைப் பந்தயத்தைக் காட்டி ஆட்களைக் குறைப்பது அங்கே அர்த்தமுள்ள வேலை. உச்சவரம்பில்லாத ஆட்டத்தில் விலையை நாமே எழுதலாம் என்றான பிறகும் பழைய அறிவுரை மட்டும் சட்டையை மாற்றிக்கொண்டு தொடர்ந்தது.

இங்கே நியாயமான ஒரு ஆட்சேபம் எழும், இந்த விஷயத்தில் இதுதான் கனமானதும்கூட. மேலே போட்ட கணக்கு டர்னோடு நின்றுவிட்டது. ரிவரில் இன்னொரு பந்தயம் இருக்கிறதே? இஸ்பேட் விழுந்தால் எதிராளி இன்னும் ஒரு தொகையைக் கறந்துவிடுவார், விழாவிட்டால் பேசாமல் சீட்டைக் கவிழ்த்துவிடுவார். அந்த எதிர்கால வரவையும் சேர்த்துத்தானே அவர் விலையைப் பார்ப்பார்? உண்மை. பாட் 100, நாம் 50 கட்டுகிறோம். டர்னோடு முடிந்தால் அதைக் கட்டுவது அவருக்குச் சராசரியாக 9.1 நட்டம். இந்த நட்டத்தை ஈடுகட்ட, இஸ்பேட் விழும் சமயங்களில் நம்மிடமிருந்து ரிவரில் அவர் சராசரியாக 44 வாங்கினால் போதும். அப்போது பாட்டில் 200 கிடக்கும். 44 என்பது அதில் கால்பங்குகூட இல்லை. அதாவது டர்னில் சாமர்த்தியமாக அரைப்பாட் கட்டிவிட்டு, ரிவரில் மூன்றாவது இஸ்பேட் விழுந்து அவர் 100 தள்ளும்போது 'இரண்டு ஏஸை எப்படி விடுவது' என்று கட்டுகிறவர், டர்னில் அவர் தவறாகக் கட்டியதை 11 சொச்சம் லாபமாக மாற்றிக் கொடுத்துவிடுகிறார். துரத்துகிறவர்களால் தோற்றதாகச் சொல்லப்படும் பணத்தில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது என்று நினைக்கிறேன். டர்னில் விலை குறைவாக இருந்ததால் அல்ல. ரிவரில் மனசு கேட்காததால்.

அப்படியானால் மூன்றாவது இஸ்பேட் விழுந்ததும் ஒதுங்கிவிடலாமா? அதுவும் சரிவராது. நாம் எப்போதும் ஒதுங்குவோம் என்று தெரிந்தால், இஸ்பேடே இல்லாதவரும் இஸ்பேட் விழுந்தவுடன் பணத்தைத் தள்ளுவார். ஸ்ட்ரெய்ட்டைத் துரத்தி ஏமாந்தவருக்குக்கூட அது வெற்றிச் சீட்டாகிவிடும். அவர் பாட்டுக்குச் சமமான தொகையைக் கட்டினால், நமக்கு மூன்றில் ஒரு முறை ஜெயித்தால் போதும். அரைப்பாட் கட்டினால் நான்கில் ஒரு முறை. ஆகவே கேள்வி, எதிரே இருப்பவர் அந்த அளவுக்குப் பொய்ப்பந்தயம் கட்டுகிறவரா என்பதுதான். சின்னத் தொகை ஆட்டங்களில், ஃப்ளாப்பிலும் டர்னிலும் சும்மா கட்டிக்கொண்டே வந்துவிட்டு மூன்றாவது இஸ்பேட் விழுந்தவுடன் உயிர் பெற்று எழுபவரிடம் பெரும்பாலும் ஃப்ளஷ்தான் இருக்கும். அங்கே ஒதுங்குவதே மரியாதை. தேர்ந்த எதிராளியிடம் நம் கையில் இஸ்பேட் ஏஸ் இருக்கிறதா என்று பார்ப்பது உதவும்: இருந்தால் அவரிடம் உச்சபட்ச ஃப்ளஷ் இருக்க வழியில்லை, அவருடைய ஃப்ளஷ்களின் எண்ணிக்கையும் குறைகிறது. இன்னொரு வழி, பிரச்சினையை முன்பே சுருக்கிவிடுவது. டர்னில் 50-க்குப் பதில் 100 கட்டியிருந்தால், அவர் அதைக் கட்டுவது சரியாவதற்கு ரிவரில் 44 அல்ல, 189 தேவைப்பட்டிருக்கும். இருவரிடமும் பின்னால் மிச்சம் 150-தான் இருக்கிறது என்றால், ஃப்ளஷ் விழும்போதெல்லாம் நாம் கடைசிக் காசுவரை கொடுத்தாலும் அந்தத் துரத்தல் அவருக்கு நட்டமே. கையிருப்பு ஆழமாக ஆழமாகத் துரத்துகிறவருக்குச் சாதகம் கூடுகிறது. மெலிந்தால் நல்ல கைக்காரருக்கு. பந்தய அளவை முடிவு செய்யுமுன் பாட்டைப் பார்க்கிறவர்கள் உண்டு, எதிராளியின் முன்னால் அடுக்கியிருக்கும் காசைப் பார்க்கிறவர்கள் குறைவு.

இதுவரை 'துரத்தும் கை' என்று ஒரே சொல்லில் அடக்கியது கொஞ்சம் அநியாயம். நடுவில் அதே சீட்டுகள் கிடக்க, நம்மிடம் இரண்டு ஏஸுக்குப் பதில் டைமண்ட் 8, ஆர்ட்டின் 8 இருக்கிறது என்று வையுங்கள்; மூன்று எட்டு, செட். எதிராளி தனக்கு 9 இஸ்பேட் இருப்பதாகவே எண்ணிக்கொள்வார். ஆனால் இஸ்பேட் 3 விழுந்தாலும் இஸ்பேட் 4 விழுந்தாலும் நடுவில் ஜோடி அமைந்து நமக்கு ஃப்ளஷை வெல்லும் ஃபுல் ஹவுஸ் ஆகிவிடும். நிஜத்தில் அவருக்கு உதவுவது 7 சீட்டுதான், 15.9 சதவீதம். அந்த இரண்டு சீட்டும் விழும்போது, ஃப்ளஷ் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் அவர்தான் நமக்குக் கொட்டிக் கொடுப்பார். செட் வைத்திருப்பவர் பாட்டில் கால்பங்கு கட்டினாலே இங்கே விலை சரியாகிவிடுகிறது. அதற்குமேல் கேட்பதெல்லாம் லாபம். மறுகோடியில், நடுவில் இஸ்பேட் 10, இஸ்பேட் 7, டைமண்ட் 2 கிடக்க, எதிராளியிடம் இஸ்பேட் 9-ம் இஸ்பேட் 8-ம் இருந்தால் கதையே வேறு. ஃப்ளஷுக்கு 9, ஸ்ட்ரெய்ட்டுக்கு ஜாக்கும் ஆறுமாக 8, இரண்டிலும் வருகிற இரண்டைக் கழித்தால் மொத்தம் 15 சீட்டு. இன்னும் இரண்டு சீட்டு வரவிருக்கும்போது நம் இரண்டு ஏஸுக்கு எதிராக அவர் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 56 சதவீதம். பெயரளவில் நம்முடையது அமைந்த கை, அவருடையது துரத்தும் கை. கணக்கில் முன்னால் இருப்பவர் அவர். பாட் 100, இருவரிடமும் 300 மிச்சம் என்றால், முழுவதும் உள்ளே போகும்போது நம் சராசரி வரவு 10-ஐக்கூடத் தொடாது. அவர் ஓடினால் 100. இங்கே விரட்டுவதுதான் லாபம், சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கையை வைத்திருப்பவர் ஓடுவதில்லை, அவரே எழுந்து ரெய்ஸ் செய்வார். தோற்கும் நிலையிலிருந்தும் ஜெயிக்க வழி வைத்துக்கொண்டு தாக்கும் இந்த ஆட்டத்துக்கு ஸ்க்லான்ஸ்கி 'செமி-பிளஃப்' என்று பெயர் வைத்தார்.

இப்படிப்பட்ட கைக்கு எதிராகப் பழைய ஆட்டக்காரர்கள் வேறொரு உபாயம் சொல்வார்கள்: ஃப்ளாப்பில் பாட்டைச் சின்னதாக வைத்திரு, டர்னில் ஆபத்தில்லாத சீட்டு விழுந்த பிறகு ஓங்கி அடி. மூன்றில் இரண்டு முறை டர்ன் நமக்குப் பாதகமில்லாமல் விழும், அப்போது 56 சதவீதம் 34 ஆகச் சரிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் 34 சதவீதக் கைக்கு விலையைக் கட்டுப்படியாகாமல் செய்ய பாட்டைவிடச் சற்று அதிகமாகவே, 107 சதவீதம், கட்ட வேண்டும். அரைப்பாட் கட்டிவிட்டுத் 'தண்டித்துவிட்டேன்' என்று நினைப்பது வீண். மேலும், எதிராளியிடம் இருப்பது இந்த அபூர்வக் கைதானா, வெறும் ஒற்றை ஜோடியா என்று ஃப்ளாப்பில் நமக்குத் தெரியாது. ஒற்றை ஜோடிக்காரர் இப்போதே காசு கொடுக்கத் தயாராக இருப்பார். மூன்றாவது இஸ்பேட் விழுந்தால் அவரும் பயந்து பையை மூடிவிடுவார். துரத்தல் பலிக்கும் சீட்டு நம்மைத் தோற்கடிப்பது ஒருபுறம். நமக்குக் கொடுக்கவிருந்த மற்றவர்களையும் அது மிரட்டிவிடுகிறது என்ற நட்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஈரப்பலகை என்று ஆட்டக்காரர்கள் சொல்லும், ஃப்ளஷும் ஸ்ட்ரெய்ட்டும் எட்டிப் பார்க்கும் ஃப்ளாப்பில் நல்ல கை முதலிலேயே பெரிதாகக் கட்டுவதற்கு, பாதுகாப்பைவிட இது வலுவான காரணம்.

பதுங்கி ஆடுவதை விரும்புகிறவர்கள் 1988 உலகப் போக்கர் தொடரின் இறுதிக் கையைச் சுட்டிக்காட்டுவார்கள். ஜானி சானிடம் ஜாக்கும் ஒன்பதும். ஃப்ளாப்பில் ராணி, 10, 8 விழுந்து அப்போதே உச்ச ஸ்ட்ரெய்ட் அமைந்துவிட்டது. எரிக் சைடலிடம் ராணியும் ஏழும், அதாவது மேல் ஜோடி. சான் வலிமையைக் காட்டாமல் மெதுவாக ஆடினார். ரிவர் விழுந்த பிறகு சைடல் முழுவதையும் தள்ளினார், பட்டம் சானுக்குப் போனது. 1998-ல் வந்த 'ரவுண்டர்ஸ்' படம் அந்தக் கையைத் திரும்பக் காட்டி, பதுங்குவதே மேதைமை என்ற எண்ணத்தை ஒரு தலைமுறைக்கு ஊட்டியது. கையை உற்றுப் பார்த்தால் அது நம் கேள்விக்குப் பொருந்தாத சாட்சி என்று தெரியும். ஆடியவர்கள் இரண்டே பேர். எதிராளியிடம் இருந்தது துரத்தும் கை அல்ல, தோற்றுக்கொண்டிருந்த அமைந்த கை. இலவசமாக எத்தனை சீட்டு காட்டினாலும் அவர் பெரிதாகத் தேறப்போவதில்லை. அத்தகையவரிடம் பதுங்கலாம். 9 சீட்டு கையில் வைத்திருப்பவரிடம் பதுங்கினால், நாம் பார்த்தபடி 100-க்கு 20 வீதம் தானம்.

எதிராளியின் சீட்டைப் பார்த்துவிட்ட மாதிரி இவ்வளவு எழுதிவிட்டு, உண்மையில் பார்க்க முடியாதே என்ற கேள்வியைத் தாண்டிப்போக முடியாது. நம் கையில் இஸ்பேட் இல்லை, ஃப்ளாப்பில் இரண்டு இஸ்பேட் என்றால், எதிராளியிடம் இருக்கக்கூடிய 1081 ஜோடிகளில் இரண்டும் இஸ்பேடாக இருப்பவை 55, ஐந்து சதவீதம். ஒரே இனச் சீட்டுகளை மக்கள் விரும்பி ஆடுவதாலும், ஒன்றும் கிடைக்காதவர்கள் முன்பே விலகியிருப்பதாலும், நிஜத்தில் இந்தப் பங்கு இதைவிடக் கூடும். அப்படியும் உள்ளே நிற்பவர்களில் பலரிடம் இருப்பது ராஜா ஜோடி, எட்டு ஜோடி போன்றவை. இவர்களுக்கு உதவக்கூடிய சீட்டு வெறும் 5. பாட்டில் 15 சதவீதம் கட்டினாலே இவர்களுக்கு விலை தப்பாகிவிடுகிறது. ஃப்ளஷ் பேயை மட்டும் நினைத்து இரண்டு மடங்கு பாட்டைத் தள்ளினால், நமக்குச் சந்தோஷமாகக் காசு கொடுத்திருக்கக்கூடிய இவர்களைத்தான் முதலில் இழக்கிறோம். கணினி இந்த இடத்தில் நிறையத் தெளிவு தந்திருக்கிறது. 2015-க்குப் பிறகு பரவலான, சிறந்த ஆட்டத்தைக் கணக்கிடும் சால்வர் மென்பொருள்கள், காய்ந்த பலகையில் பல கைகளோடு சிறிதாகக் கட்டவும், ஈரப்பலகையில் குறைந்த கைகளோடு பெரிதாகக் கட்டவும் விடை தருகின்றன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் நிரல் 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கைகள் ஆடி வென்றபோது, பாட்டைவிடப் பல மடங்கு பெரிய பந்தயங்களைக் கூசாமல் வைத்தது. அதைப் பார்த்து 'விரட்டுவதுதான் சரி' என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் விடும் விவரம், அந்த நிரல் அதே பெரிய பந்தயத்தை ஒன்றுமில்லாத கைகளோடும் வைத்தது என்பது. பெரிய தொகை வந்தால் நல்ல கைதான் என்று யாரும் முடிவு கட்ட முடியாதபோதுதான் பெரிய தொகைக்கும் ஆள் கட்டுகிறார். நல்ல கை விழுந்தபோது மட்டும் மேசையை அதிரவைக்கிறவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

விரட்டும் மரபுக்கு உண்மையான ஆதரவு கிடைப்பது மூன்று பேர் மோதும் பாட்டில். மோர்ட்டன் தேற்றம் என்று ஆட்டக்காரர்கள் அழைப்பது இதைத்தான். டர்னில் பாட் 600, பந்தயம் 100 என்று லிமிட் கணக்கில் வைப்போம். நம்மிடம் முன்னணிக் கை. முதல் எதிராளிக்கு 9 சீட்டு, அவர் கட்டியே தீருவார். இரண்டாமவருக்கு வேறு 4 சீட்டு. தெரியாத சீட்டு 42. இரண்டாமவர் ஒதுங்கினால் நம் சராசரி வரவு 528.6. அவர் கட்டினால் 521.4. கட்டுவது அவருக்கே 14.3 நட்டம், அப்படியிருந்தும் நமக்கும் 7 குறைகிறது. இரண்டும் சேர்ந்த 21.4-ஐ, வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஃப்ளஷ்காரர் வாங்கிக்கொள்கிறார். எதிராளியின் தவறு நமக்கு லாபம் என்ற ஸ்க்லான்ஸ்கியின் விதி இங்கே பொய்த்துப்போகிறது. அது இருவர் மோதலுக்கு மட்டுமே முழுசாகப் பொருந்தும். ஆறு பேர் துரத்தும் மேசையில் இரண்டு ஏஸ் அடிக்கடி தோற்பதாக லிமிட் ஆட்டக்காரர்கள் புலம்புவதில் கணித நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த விந்தை நிகழும் ஜன்னல் குறுகலானது. நான் எடுத்துக்கொண்ட சீட்டுகளில் பந்தயம் பாட்டில் 13-லிருந்து 19 சதவீதத்துக்குள் இருக்கும்போது மட்டுமே அது திறக்கிறது. 600 பாட்டுக்கு 300 கட்டினால் ஜன்னல் மூடிவிடும், இரண்டாமவர் வருவது மறுபடியும் நமக்குக் கொண்டாட்டம்.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் பயம் ஏன் போவதில்லை? 20.5 சதவீதம் என்பது அரிதான சம்பவமில்லை என்பதால். விலையைச் சரியாக வைத்து ஐந்து முறை ஆடுகிறவர் அதில் ஒரு முறையாவது தோற்கும் வாய்ப்பு 68 சதவீதம். ஜெயித்த நான்கு முறையும் 'ஜெயிக்க வேண்டியதுதானே' என்று மறந்துபோகும்; ரிவரில் இஸ்பேட் விழுந்த அந்த ஒன்று மட்டும் வருஷக்கணக்கில் கதையாக நிற்கும். போக்கர் திறமையா அதிர்ஷ்டமா என்ற இந்தக் கேள்வி நீதிமன்றத்திலும் பேசப்பட்டதுதான். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியோடு போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சேர்க்கையை ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமலே காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. ஒரு கையில் அதிர்ஷ்டம், ஆயிரம் கையில் விலை நிர்ணயம் என்று இரண்டு தரப்பும் பாதி பாதி சரியாகப் பேசும் வழக்கு அது. ஆயிரம் கை ஆடும்வரை தாக்குப்பிடிக்கும் பணம் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது அரசு கேட்க வேண்டிய கேள்வி, சீட்டுக் கணக்கு அதற்குப் பதில் தராது.

கடைசியாக, காசின் மதிப்பு நேர்கோட்டில் போகாத ஆட்டங்கள். மேலே போட்ட கணக்கெல்லாம் மேசையில் இருக்கும் ஒவ்வொரு காசும் சம மதிப்புள்ளது என்று எடுத்துக்கொள்கிறது. போட்டித் தொடர்களில் அப்படியில்லை; இரட்டிப்பாகும் காசின் மதிப்பைவிட வெளியேறும் காசின் மதிப்பு அதிகம். இதன் உச்சம், பெரிய போட்டிக்கு நுழைவுச்சீட்டு மட்டுமே பரிசாக உள்ள சாட்டிலைட் ஆட்டம். 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் இணையத்தில் அப்படியொரு ஆட்டத்தின் வழியாக உலகத் தொடருக்குள் நுழைந்து, 838 பேரைத் தாண்டி 25 லட்சம் டாலர் வென்றார். சாட்டிலைட்டில் பத்து பேருக்கு இடம், மேசைகளில் பதினோரு பேர் மிச்சம், நம்மிடம் போதுமான காசு என்றால், எதிராளி தவறான விலையில் கட்டுவதால் கிடைக்கும் கூடுதல் காசுக்கு அங்கே மதிப்பே கிடையாது. ஐந்தில் ஒரு முறை வெளியேறும் ஆபத்துக்கு முழு நுழைவுச்சீட்டின் மதிப்பு உண்டு. ஆகவே காசு ஆட்டத்தில் வீண் என்று சொன்ன அந்த 300-ஐ அங்கே தள்ளலாம், எதிராளி ஓடவேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாம். அவர் ஓடமாட்டார் என்று தெரிந்தால், சிலசமயம் இரண்டு ஏஸையே ஃப்ளாப்புக்கு முன் கவிழ்த்துவிடுவதுகூட அங்கே சரியான ஆட்டம்.